மொய்ப் பணத்துல மசாய் மாரா குதிரை சஃபாரி போகலாமா? ஒரு அக்காவோட கணக்கு



போன மாசம் நம்ம லைவ்ல ஒரு கேள்வி வந்தது. கேட்டவங்க ஆலங்குடி பக்கத்து அக்கா. வயசு 37, பெங்களூரில் ஐ.டி. வேலை. "தம்பி, கென்யாவுல ஜீப் இல்லாம குதிரை மேலயே போற சஃபாரி இருக்கு. எனக்கு 40 வயசு ஆகறப்ப போகணும்னு ஆசை. வர்ற ஆடியில அம்மா மொய் விருந்து வைக்கிறாங்க. அந்தப் பணத்தை இதுக்கு ஒதுக்கலாமா?"

நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள சாட் முழுக்க சிரிப்பு எமோஜி. நானும் சிரிச்சுக்கிட்டே, "அக்கா, குதிரை மேல போடற காசை இண்டெக்ஸ் ஃபண்டுல போடுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவங்ககிட்ட இருந்து ஒரு நீளமான மெயில். நாலு வருஷமா சனி, ஞாயிறு காலையில குதிரையேற்றம் கத்துக்கறாங்க. ஒரு தடவை விழுந்து தோள்பட்டை எலும்பு உடைஞ்சு, ஆறி, மறுபடியும் ஏறியிருக்காங்க. வீட்டுக் கடன் முடிஞ்சுது, டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி இருக்கு. சின்ன வயசுல குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில்ல, மாசி மகத்தன்னிக்கு அந்த முப்பது அடிக்கு மேல உயரமான குதிரைக்குக் காகிதப்பூ மாலை போடறதை அப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்ததுல இருந்தே குதிரைன்னா உயிராம். கடைசி வரி இது: "காதுகுத்துக்கு எட்டு லட்சம் செலவு பண்ணுனா நம்ம ஊர்ல யாரும் சிரிக்க மாட்டாங்க தம்பி."

சுருக்குனு தச்சுது. கணக்கே போடாம பதில் சொன்னது என் தப்பு. இப்ப போட்டுட்டேன். பதில் ரெண்டு பகுதி: சஃபாரிக்குப் போகலாம். மொய்ப் பணத்தைத் தொடக்கூடாது.

முதல்ல, இது என்ன சஃபாரி?

ஜீப்புல உட்கார்ந்து சிங்கத்தை போட்டோ எடுக்கறது நமக்குத் தெரியும். இதுல தினமும் நாலு மணி நேரம், ஆறு மணி நேரம் குதிரை மேலயே போறீங்க. கென்யாவில் மசாய் மாராவை ஒட்டின புல்வெளிகள், போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ டெல்டாவோட தண்ணிக்காடு, நமீபியாவில் பாலைவனம்னு பல இடத்துல நடக்குது. வரிக்குதிரைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் குதிரை இன்னொரு புல் தின்னிதான். அதனால ஜீப்பைக் கண்டு ஓடறதுகூட குதிரையைக் கண்டு ஓடாது, பக்கத்துலயே மேயும். இதுதான் இந்தப் பயணத்தோட ருசி.

ஆபத்தும் அதே இடத்துலதான். சிங்கமோ, எருமையோ, கோபத்துல ஒரு யானையோ எதிர்ல வந்தா, கைடு சொன்ன நொடியில ஒழுங்கா வரிசையில நாலுகால் பாய்ச்சல்ல திரும்பத் தெரியணும். ஊட்டி படகு இல்லத்துக்கிட்ட மட்டக்குதிரையில ஒரு ரவுண்டு வந்த அனுபவம் இங்க செல்லாது. முதல் நாளே ஓட்டவிட்டுப் பார்ப்பாங்க. தேறலைன்னா ஜீப்புல உட்கார வெச்சுடுவாங்க, கட்டின பணம் பொதுவா திரும்பாது. எடைக்கும் வரம்பு உண்டு. பல இடத்துல 85-லிருந்து 95 கிலோவுக்குள்ள.

ஆக, இந்த பேக்கேஜ்ல விலைப் பட்டியல்ல இல்லாத பெரிய செலவு, ஓட்டத் தெரியறதுக்கு ஆகற வருஷங்கள். அக்கா அதை ஏற்கெனவே கட்டி முடிச்சுட்டாங்க. நீங்க புதுசா ஆரம்பிக்கறதா இருந்தா, டிக்கெட்டுக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வருஷப் பயிற்சிக் கட்டணத்தைக் கணக்குல எழுதுங்க.

மொய்ப் பணம் ஏன் வேண்டாம்?

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்துன்னு எந்த விசேஷமும் வேண்டாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பந்தல் போட்டு, கறி விருந்து வெச்சு, மொய் வாங்குவாங்க. வர்ற ஒவ்வொரு ரூபாயும் நோட்டுல ஏறும். அவங்க வீட்டு விருந்து வர்றப்ப வாங்கினதைத் திருப்பணும், மேலயும் கொஞ்சம் போடணும். அந்தக் கூடுதல் மறுபடி உங்களுக்கு வரும். பேங்க் வாசலை மிதிக்காம பிள்ளைங்களைப் படிக்க வெச்சவங்க, போர் போட்டவங்க, கடை வெச்சவங்க எத்தனையோ பேர். எனக்கு இந்த முறை மேல ரொம்ப மரியாதை உண்டு.

ஆனா அது வருமானம் கிடையாது. வட்டியில்லாக் கடன். அம்மாவுக்கு பத்து லட்சம் வந்தா, அதுல பெரும் பகுதி, அம்மா முன்னாடி போட்டது திரும்பி வருது. மீதி, அடுத்த அஞ்சு வருஷத்துல தெருத்தெருவா, ஊர் ஊராத் திருப்பித் தரவேண்டியது. 2018 நவம்பர்ல கஜா புயல் தென்னையைச் சாய்ச்சப்பவும், அப்புறம் கொரோனாவுலயும், வசூல் எப்படி விழுந்துச்சுன்னு நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். வாங்கற பக்கம் விழுந்தாலும் குடுக்கற பக்கம் நிக்காது. போடாம விட்டா வர்ற பேச்சை அம்மாதான் கேட்கணும், பெங்களூர்ல இருக்கற அக்கா இல்ல.

இன்னொரு விஷயம். நம்ம மாவட்டத்து ஆவுடையார்கோயில் கதை தெரியும்ல? பாண்டிய ராஜா குதிரை வாங்கக் குடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவு பண்ணிட்டார். அவருக்காக ஈசன் நரியைப் பரியாக்கினார். அக்கா கேக்கறது அப்படியே தலைகீழ்: வேற காரியத்துக்கு வந்த பணத்துல குதிரை. நமக்கு நரியைப் பரியாக்கித் தர ஆள் இல்லை.

குதிரைன்னாலே நம்ம நாட்டுல செலவு அதிகம்தான். 13-ஆம் நூற்றாண்டுல பாண்டிய நாட்டுக்கு வளைகுடாவுல இருந்து கப்பல்ல குதிரை வந்தது. ஒரு குதிரைக்கு 220 பொன் தினார்னு பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கார். வழியில செத்துப்போன குதிரைக்கும் ராஜா கஜானாவுல இருந்தே பணம் போகணும்ங்கறது ஒப்பந்தம். வந்து சேர்ந்ததுலயும் வருஷக் கடைசியில நூறு கூட மிஞ்சறதில்லைன்னு மார்க்கோ போலோ சொல்றார். நட்டம் முழுக்க வாங்கறவன் தலையில. 'முன்பணம் திரும்பக் கிடைக்காது'ங்கற வரி அப்பவே இருந்திருக்கு பாருங்க!

ஆப்பிரிக்காவுலயும் குதிரை வளர்க்கறது லேசு இல்லை. சின்னக் கொசு மாதிரி ஒரு பூச்சி பரப்பற ஆப்பிரிக்கக் குதிரை நோய் வந்தா பெரும்பாலும் பிழைக்காது. செட்ஸி ஈ இருக்கற பகுதியில குதிரையை வெச்சுக்கறது ரொம்பக் கஷ்டம். அதோட மாற்றுக் குதிரைகள், குதிரைக்காரங்க, கூடாரம் தூக்கிப்போற லாரி, சமையல் ஆளுங்க எல்லாம் வேணும். இத்தனையும் ஏழெட்டுப் பேர் குழுவுக்கு. விலை ஏன் அவ்வளவுன்னு இப்ப புரியும்.

சரி, கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கறதுல பெரும்பாலானது என் அனுமானம். நீங்க கொட்டேஷன் வாங்கினதும் உங்க எண்ணைப் போட்டுக்குங்க. டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கறேன்.

ஏழு ராத்திரி, ராத்திரிக்கு 800 டாலர்: 5,04,000
கன்சர்வன்சி கட்டணம், நாளைக்கு 100 டாலர்: 63,000
நைரோபி போக வர விமானம்: 60,000
நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து மாராவுக்குக் குட்டி விமானம்: 40,000
இன்ஷூரன்ஸ்: 10,000
குதிரைக்காரங்க, கைடுக்கு டிப்ஸ்: 25,000
ஹெல்மெட், ரைடிங் பேண்ட், பூட்ஸ்: 25,000
பயண அனுமதி, தடுப்பூசி, சில்லறை: 8,000

மொத்தம் 7,35,000. மேல பத்து சதவீதம் கையில வெச்சா 8,08,500. இந்தப் பத்து சதவீதத்தை வெட்டாதீங்க. டாலர் 90-ல இருந்து 96 ஆனா, பேக்கேஜும் கன்சர்வன்சியும் சேர்ந்த 6,300 டாலருக்கு மட்டும் 37,800 ரூபாய் ஏறிடும். தனியா போறவங்களுக்குத் தனிக் கூடாரக் கட்டணம் வேற உண்டு.

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். பிடிப்பாங்க. முன்னாடி பத்து லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20. 2026 ஏப்ரல்ல இருந்து ஒரே விகிதம், 2 சதவீதம். இங்க 10,080 ரூபாய். இது செலவு இல்லை, ரிட்டர்ன் தாக்கல் பண்றப்ப வரியில கழிச்சுக்கலாம். ஆனா கட்டற அன்னிக்குக் கையில இருக்கணும்.

இன்ஷூரன்ஸ்லதான் பலர் ஏமாறறாங்க. சாதாரண டிராவல் பாலிசி பலதுல சாகச விளையாட்டுக்கு க்ளெய்ம் கிடையாது. குதிரை சவாரி அதுக்குள்ள வருதான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. போன்ல "வரும் மேடம்"னு சொல்றது செல்லாது. மாராவுல விழுந்தா ஆஸ்பத்திரிக்கு விமானத்துலதான் போகணும். நைரோபியில 1957-ல இருந்து இயங்கற ஆம்ரெஃப் பறக்கும் டாக்டர்கள் சேவை, சுற்றுலாப் பயணிகளுக்குன்னே குறுகிய காலத் திட்டம் வெச்சிருக்காங்க. அதையும் சேர்த்துக்குங்க.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கிளம்பறதுக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. அந்தச் சான்றிதழ் இல்லாம கென்யாவுல இருந்து திரும்பினா இங்க ஆறு நாள் தனிமைப்படுத்திடுவாங்க.

எப்ப போறதுங்கறதும் காசுதான். ஜூலை முதல் அக்டோபர் வரை காட்டுமாட்டுக் கூட்டம் மாராவுக்கு வர்ற சீசன், எல்லாமே உச்ச விலை. மாரா ரிசர்வ் நுழைவுக் கட்டணமே ஜூலை முதல் டிசம்பர் வரை நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100. அக்காவோட பிறந்தநாள் மாசியில வருது. அப்ப அந்தப் பெரிய கூட்டம் தான்சானியா பக்கம் இருக்கும், ஆனா மழை குறைவு, வரிக்குதிரையும் சிங்கமும் யானையும் அங்கேயேதான் இருக்கும். 2029 மாசி அவங்களுக்கு நல்லாவே பொருந்துது.

கைவசம் முப்பது மாசம். மாசம் 25,000, ஆறரை சதவீத ஆர்.டி.யில போட்டா 7.5 லட்சம் அசல், வட்டியோட சுமார் 8.1 லட்சம். வட்டிக்கு வரி போனாலும் எட்டு லட்சத்தை ஒட்டி நிக்கும். இதே எட்டு லட்சத்தை 14 சதவீத பர்சனல் லோன்ல மூணு வருஷத்துக்கு எடுத்தா இ.எம்.ஐ. 27,340, வட்டி மட்டும் 1.84 லட்சம். லைவ்ல நான் சொன்ன இண்டெக்ஸ் ஃபண்டும் இதுக்கு வேண்டாம். முப்பது மாசத்துல தேவைப்படற பணம், சந்தை விழுந்தா பிறந்தநாள் காத்திருக்காது.

ஒரே ஆர்.டி.யா போடாதீங்க. 25,000-ல 7,000-ஐத் தனியா 18 மாசத்துக்குப் போடுங்க. அசலே 1,26,000 ஆகுது, பேக்கேஜுக்குக் கால் பங்கு முன்பணம் சரியா அவ்வளவுதான். அது முடிஞ்சதும் அதே 7,000-ஐ அடுத்த பன்னிரண்டு மாசத்துக்கு.

அந்த முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ராஜஸ்தான்ல, ஷெகாவாட்டி பக்கம் டுண்ட்லோட் மாதிரி இடத்துல மார்வாரிக் குதிரையில நாலு நாள் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கன்னு அக்காகிட்ட சொன்னேன். வாரம் ஒரு மணி நேரம் மைதானத்துல ஓட்டறதும், தினம் ஆறு மணி நேரம் வெளியில ஓட்டறதும் ஒண்ணு இல்லை. உடம்பு ஒத்துவரலைன்னா அங்கேயே தெரிஞ்சிடும், ஆப்பிரிக்கக் காசு தப்பிக்கும்.

நேத்து பதில் வந்தது. ரெண்டு ஆர்.டி.யும் ஆரம்பிச்சாச்சு. அம்மாவோட மொய் நோட்டை இந்த ஆடிக்கு எக்செல்ல ஏத்தித் தர்றதா சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர் முதல்ல "குதிரை மேல உட்கார எட்டு லட்சமா?"ன்னு கேட்டவர், இப்ப தானும் வர்றாராம். அவர் எடை 96 கிலோ. "ஜீப்புக்கு எவ்வளவு தம்பி?"ன்னு கேட்டிருக்காங்க. கொட்டேஷன் வந்ததும் அடுத்த வீடியோல சொல்றேன்.