கல்லீரலைக் காக்கும் முள்செடி

பிள்ளைகளே, ஐரோப்பியக் காடுகளில் ஒரு காளான் முளைக்கும். வெளிர்பச்சைக் குடை, வெள்ளைத் தண்டு, தண்டின் அடியில் பை போன்ற ஓர் உறை. தின்று உயிர் பிழைத்தவர்களைக் கேட்டால், "ருசியாகத்தான் இருந்தது" என்கிறார்கள்! அதன் பெயர் டெத் கேப். காளான் நஞ்சால் உலகில் இறப்பவர்களில் பெரும்பாலோரின் சாவுக்கு இதுதான் காரணம். வேக வைத்தாலும் வறுத்தாலும் இதன் நஞ்சு அழியாது.

இந்த நஞ்சு ஆளை ஏமாற்றவும் செய்யும். தின்றவுடன் ஒன்றும் ஆகாது. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு அவையும் அடங்கிவிடும். "அப்பாடா, சரியாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

ஏன் கல்லீரல் இப்படி மாட்டிக்கொள்கிறது?

குடல் உறிஞ்சிய சத்துகளைச் சுமந்துவரும் ரத்தம் முதலில் போவது கல்லீரலுக்குத்தான். இந்தக் காளானின் முக்கிய நஞ்சான ஆல்ஃபா அமானிட்டினும் அதே வழியில் வந்து சேர்கிறது. கல்லீரல் செல்லின் சவ்வில் புரதங்களால் ஆன வாசல்கள் உண்டு. தனக்கு வேண்டிய பொருள்களை ரத்தத்திலிருந்து செல் இவற்றின் வழியாக எடுத்துக்கொள்ளும். நஞ்சும் இதே வாசலில் நுழைந்துவிடுகிறது.

நுழைந்த பின் என்ன செய்யும்? டி.என்.ஏ.வில் உள்ள கட்டளைகளை ஆர்.என்.ஏ.வாக நகல் எடுக்கும் நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். நகல் இல்லையென்றால் புதிய புரதம் இல்லை. புரதம் இல்லையென்றால் செல் சாகும். போதாக்குறைக்கு, நஞ்சின் ஒரு பகுதி பித்தநீரோடு குடலுக்குப் போய், அங்கே மறுபடி உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்கே திரும்பி வருகிறது.

இப்போது நம் முள்செடியைப் பார்ப்போம். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளைச் சேர்ந்த இதன் பெயர் மில்க் திஸில். ஊதாப் பூவும், வெள்ளை வரிகள் ஓடும் முள் இலைகளும் கொண்டது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி, இதன் சாற்றைத் தேனோடு கலந்து கொடுத்தால் பித்தம் வெளியேறும் என்று எழுதியிருக்கிறார். 1968-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹில்டபெர்ட் வாக்னர் குழுவினர் இதன் விதைகளிலிருந்து சிலிமரின் என்ற கலவையைப் பிரித்தெடுத்தார்கள். அதில் உள்ள முக்கியப் பொருள் சிலிபினின்.

சிலிபினின் நஞ்சை முறிப்பதில்லை. கல்லீரல் செல்லின் அந்த வாசலை அடைத்துக்கொள்கிறது! உள்ளே போக முடியாத நஞ்சு ரத்தத்திலேயே நின்று, சிறுநீரகம் வழியாக வெளியேற வாய்ப்புக் கிடைக்கிறது. குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே அது சுற்றிச் சுற்றி வருவதும் குறைகிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், காளான் நஞ்சு கொடுக்கப்பட்ட பீகிள் நாய்களில் சிலிபினின் பெற்ற எதுவும் சாகவில்லை. பெறாத நாய்களில் சில இறந்தன.

2007 ஜனவரியில் அமெரிக்காவின் சான்டா குரூஸ் நகரில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் இந்தக் காளானைத் தின்று மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலிபினின் ஊசி மருந்து அப்போது அமெரிக்காவில் கிடையாது. சிறப்பு அனுமதி வாங்கி, ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வரவழைத்தார்கள். வயதான பாட்டி இறந்துபோனார். மற்ற ஐவரும் பிழைத்தார்கள்.

அப்படியானால் விதையைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடித்தால் போதுமா? போதாது. சிலிபினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் வேதியியலாளர்கள் அதைச் சற்றே மாற்றி, கரையக்கூடிய ஊசி மருந்தாக்கினார்கள். அதையும் சீக்கிரம் கொடுக்க வேண்டும். செத்த செல்லை அது எழுப்பாது. கல்லீரல் முழுவதும் கெட்டுவிட்டால் மாற்றுக் கல்லீரல் பொருத்துவதுதான் வழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. நஞ்சு ஏறியவர்களில் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்து, மீதிப் பேரைச் சும்மா விட்டுப் பார்க்க முடியுமா? அது நியாயமில்லை அல்லவா? அதனால் மருத்துவர்கள் பழைய நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார்கள். இந்த மருந்தின் பலன் எவ்வளவு என்ற விவாதமும் இன்னும் முடியவில்லை.

நம் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பார்கள். "இது ஈரலுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் வேலை செய்யும் பொருள் எது? உடம்புக்குள் அது என்ன செய்கிறது? எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள்? மில்க் திஸிலிடம் இதே கேள்விகளைக் கேட்டதால்தான் ஒரு காட்டுச்செடி மருத்துவமனைக்குள் வந்தது. காட்டுக் காளானைக் கண்டால் மட்டும் கேள்வியே வேண்டாம், தொடாமல் வந்துவிடுங்கள்!