புண்ணை ஆற்றுமா லேசர்?

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பெரியப்பா வீடு இருக்கிறது. பொங்கலுக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறும்போதே ஒரு விசித்திரமான காட்சி கண்ணில் பட்டது. பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வலது காலை முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தார். அவருடைய மகன், என் தம்பி முறை, டார்ச் விளக்கு மாதிரி ஒரு சாமானை அந்தப் பாதத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். பாதத்தில் செக்கச் செவேலென்று ஒரு வெளிச்சப் பொட்டு!

"வா கண்ணு! இது என்னன்னு தெரியுதா? லேசர்!" என்றார் பெரியப்பா. முப்பது வருஷம் ரிக் லாரி ஓட்டியவர். புது வண்டி வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமையாகப் பேசியிருக்கமாட்டார்.

"கால்ல என்னாச்சுங்க பெரியப்பா?"

"ஒண்ணுமில்லே. சுண்டு விரலுக்குக் கீழே சின்னதா ஒரு புண்ணு. பதினஞ்சு நாளாச்சு. வலியே இல்லே. இந்த லைட்டைக் காட்டினா ஆறிப்போகும். இவனுக்கு ஆறலையா?"

வலியே இல்லை என்று அவர் நிம்மதியாகச் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டதும் திக்கென்றது. பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. திக்கென்றதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த லேசர் டார்ச் வீட்டுக்குள் வந்த கதையைக் கேளுங்கள்.

தம்பி தறிப்பட்டறை வைத்திருக்கிறான். ஐப்பசி மழையில் பட்டறைப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பெரியம்மா உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக் கருவையும் குழைத்துப் பற்றுப் போட்டார். காலால் பிறந்தவர் வந்து மிதித்தால் சுளுக்குப் போகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். தம்பியோ படித்தவன். செல்போனில் தேடி, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து இந்தச் சாமானைத் தருவித்தான். காலையும் மாலையும் காட்டினான். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, கால் பழையபடி ஆகிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இது வெறும் ஏமாற்று வித்தைதானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படித் தள்ளிவிடவும் முடியாது, வாசகர்களே! வெளிச்சத்தால் வைத்தியம் செய்வது நெடுநாளைய சங்கதி. தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-ம் வருஷமே டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு வாங்கிவிட்டார். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால், ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் அடியில் படுக்க வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எலி முதுகில் முளைத்த ரோமம்

1960-ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். அடுத்த சில வருஷங்களில், அந்தக் கிரணத்தைக்கொண்டு புற்றுநோய்க் கட்டிகளைப் பொசுக்கலாமா என்று பலரும் ஆராய்ந்தார்கள். ஹங்கேரியில், புடாபெஸ்ட் நகரத்தில், எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டரும் அதே எண்ணத்தோடு எலிகளின் முதுகைச் சிரைத்துவிட்டு லேசரைப் பாய்ச்சினார். அவருடைய கருவியின் வலு மிகக் குறைவு. கட்டி கரையவில்லை. ஆனால் கிரணம் பட்ட எலிகளுக்குச் சிரைத்த இடத்தில் ரோமம் சீக்கிரமாக முளைத்துவிட்டது!

இது நடந்தது 1967-ல். அழிக்கப் போன கிரணம் வளர்த்துவிட்டு வந்தது. மெஸ்டர் அதோடு விடவில்லை. ஆறாத புண்களின்மேல் அந்த மெல்லிய கிரணத்தைக் காட்டிப் பார்த்தார். அப்படித் தொடங்கியதுதான் இன்றைக்குக் 'குறைந்த சக்தி லேசர் சிகிச்சை' என்று வழங்கும் வைத்தியம். அறுவைச் சிகிச்சை லேசரைப்போல் இது சதையை வெட்டாது, சுடாது.

இது எப்படி வேலை செய்கிறது? நம் உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற குட்டிக் குட்டி மின்சார நிலையங்கள் இருக்கின்றன. அங்கே உள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்கிறது என்றும், அதனால் உயிரணுவின் சக்தி உற்பத்தி கூடுகிறது என்றும் விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.

பள்ளிபாளையத்துக்காரர்களுக்கும் குமாரபாளையத்துக்காரர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். காயம் பட்ட இடம் ஒரு தறிப்பட்டறை. கிழிந்த துணியைத் திரும்ப நெய்ய வேண்டும். லேசர் கொஞ்சம் நல்ல கரண்டு கொடுக்கிறது. ஆனால் நூலைக் கொண்டுவருவது ரத்தம். நூலே வராத பட்டறையில் கரண்டு மட்டும் வந்து என்ன பயன்? தறி வெறுமனே தட்டிக்கொண்டிருக்கும்.

எங்கே பலிக்கிறது?

மிக உறுதியான பலன் எதிர்பாராத ஓர் இடத்தில் கிடைத்திருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போவதுண்டு. இந்தப் புண் வராமல் தடுக்கக் குறைந்த சக்தி லேசர் உதவுகிறது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2018-ல் இந்தச் சிகிச்சைக்கு ஆதரவாக எழுதியிருக்கிறது. நம் பக்கத்து மணிப்பாலிலும் இதே ஆராய்ச்சி நடந்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். கழுத்து வலிக்கு இது உதவுகிறது என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, 2009-ல் லான்செட் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது.

தம்பியின் கணுக்கால் விஷயம்? அங்கேதான் வழக்கு இரண்டுபட்டு நிற்கிறது. 1998-ல் நெதர்லாந்தில் இருநூறு பேருக்கு மேல் வைத்துச் சோதித்ததில், கணுக்கால் சுளுக்குக்கு லேசரால் தனிப் பலன் எதுவும் தெரியவில்லை. 2004-ல் கிரேக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் கால்பந்து வீரர்களைச் சோதித்ததில் வீக்கம் சீக்கிரம் வடிந்தது. இரண்டும் நேர்மையான சோதனைகளே. இதில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சாதாரணச் சுளுக்கு, ஓய்வு கொடுத்தால், சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஆகவே தம்பியின் காலைக் குணப்படுத்தியது லேசரா, உளுந்து மாவா, மூன்று வாரமா என்று அடித்துச் சொல்ல யாராலும் ஆகாது!

சர்க்கரைப் புண்ணுக்கு? மணிப்பாலில் 2005-ல், சர்க்கரை வியாதி உண்டாக்கிய எலிகளின் காயம் லேசர் பட்டதும் சீக்கிரம் ஆறியதாகக் கண்டார்கள். மனிதர்களிடம் நடந்த சிறு சோதனைகளும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவற்றில் எல்லாம், டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, கூடவே ஒளியும் காட்டியிருக்கிறார்கள். அவை லேசரை மட்டும் நம்பிச் செய்த சிகிச்சைகள் அல்ல.

ஜூல் கணக்கு

டானிக்குக்கு ஸ்பூன் கணக்கு இருப்பதுபோல், ஒளிக்கு ஜூல் கணக்கு உண்டு. கருவியின் வலுவை நேரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 100 மில்லிவாட் கருவியை ஓரிடத்தில் 40 விநாடி பிடித்தால் 4 ஜூல். அதே 4 ஜூலை 5 மில்லிவாட் கருவியால் கொடுக்க 800 விநாடி, அதாவது பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். டப்பாவின்மேல் மில்லிவாட்டும், ஒளியின் அலை நீளமும் போடவில்லை என்றால், எவ்வளவு மருந்து கொடுக்கிறோம் என்றே தெரியாது. கூடக் காட்டினால் கூடப் பலன் என்றும் நினைத்துவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் பலன் குறைந்துவிடுகிறது, சில சமயம் எதிராகவும் வேலை செய்கிறது.

கண்ணைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சிவப்பு வெளிச்சம் கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். அகச்சிவப்புக் கிரணமோ கண்ணுக்குத் தெரியாது. இமை மூடாது. விழித்திரை வெந்த பிறகுதான் தெரியும். 5 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட லேசரைப் பிடிக்கிறவரும், காட்டிக்கொள்கிறவரும் அதற்குரிய கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது உத்தமம். புற்றுக் கட்டி உள்ள இடத்திலும், கர்ப்பிணியின் வயிற்றிலும், கழுத்தில் தைராய்டு சுரப்பியின் மேலும் டாக்டரைக் கேட்காமல் காட்டவே வேண்டாம்.

கொல்லிமலையில் பிறந்தவர்

இப்போது, எனக்குத் திக்கென்றது ஏன் என்று சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போகும்போது கிழக்கே நீலமாகத் தெரிகிறதே கொல்லிமலை, அங்கே 1914-ல் ஒரு பாதிரியார் தம்பதிக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் பால் பிராண்ட். படித்து அறுவைச் சிகிச்சை நிபுணராகி, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை உலகம் நம்பியிருந்தது.

பிராண்ட் கண்டுபிடித்தது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாதவன் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டுவிடுவான், ஆணிமேல் நடந்துவிடுவான், புண்ணின் மேலேயே நாளெல்லாம் நடந்துகொண்டிருப்பான். சிலருடைய விரல்கள் ராத்திரியில் காணாமற்போயின. கண் விழித்துப் பார்த்தால், எலி வந்து கடிக்கிறது! வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவில்லை. அப்புறம் வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு பூனை கொடுத்தனுப்பினார்களாம்.

பாதத்துப் புண்ணுக்கு பிராண்ட் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? ஓய்வு. பாதத்தோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின்மேல் பாரம் படாமல் செய்தார். பல காலமாக ஆறாத புண்கள் ஆறின. 1966-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனபோது இந்தப் பாடத்தையும் கொண்டுபோனார். குஷ்டரோகிகளுக்குப் பலித்த அதே முறை, சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப் போனவர்களுக்கும் பலித்தது. பாரம் படாத கட்டுதான் இன்றைக்கும் உலகம் முழுவதும் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கு முக்கியச் சிகிச்சை.

பெரியப்பாவுக்கு வலிக்காததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? புண் சின்னது என்பதால் அல்ல. நரம்பு மரத்துவிட்டது என்பதால். காலையில் லேசர்; பிறகு நாள் முழுவதும் அதே காலோடு காட்டுக்கும் கடைவீதிக்கும் நடை!

அன்று சாயங்காலமே அவரைச் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். "பண்டிகையும் அதுவுமா ஆஸ்பத்திரியா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். டாக்டர் புண்ணைச் சோதித்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே ரூபாய் அளவு இருந்த புண், உள்ளே எலும்பு வரைக்கும் போயிருந்தது.

"இன்னும் பத்து நாள் விட்டிருந்தா பாதத்தைப் பத்தித்தான் பேசியிருப்போம். இப்போ ஒரு விரலோட போகட்டும்" என்றார் டாக்டர்.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. தம்பிதான் வராந்தாவில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லதுக்குத்தானே அண்ணா செஞ்சேன்?" என்றான்.

நல்லதுக்குத்தான். அதுதான் இதிலுள்ள அபாயமே. லேசர் அந்தக் காலைக் கெடுக்கவில்லை. ஏதோ வைத்தியம் நடக்கிறது என்ற திருப்தியைக் கொடுத்து, பதினைந்து நாளைத் தின்றுவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கருவி இருக்கலாம். சுளுக்கு, தசைப் பிடிப்பு, கழுத்து வலி என்றால், எலும்பு முறியவில்லை என்று டாக்டரிடம் தெரிந்துகொண்டு, இயன்முறைச் சிகிச்சை நிபுணர் சொன்ன அளவில் உபயோகித்துப் பாருங்கள். பலிக்கலாம். ஆனால் சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் சின்னக் கீறல் என்றாலும், வலி இல்லை என்றாலும், முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நடக்க முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன.

பெரியப்பாவுக்குச் சுண்டு விரல் போயிற்று. சீழ் அடங்கியதும், பாரம் படாத கட்டுப் போட்டு, இரண்டு மாதம் உட்கார வைத்தார்கள். லாரியில் தேசமெல்லாம் சுற்றியவருக்கு அது சிறைவாசம்தான். ஆனால் பாதம் பிழைத்தது. இப்போது மரத்த பாதத்துக்கென்று செய்த மெத்தென்ற ரப்பர் செருப்புப் போட்டு நடக்கிறார்.

சென்ற மாதம் மறுபடி போயிருந்தேன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பெரியப்பா டியூப் லைட்டின் கீழே உட்கார்ந்து, பெரியம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கு அடியில் பிடித்து, விரல் விரலாகப் பார்த்தார்.

"என்னங்க பெரியப்பா, லேசர் எங்கே?" என்று கேட்டேன்.

"அது பரண்மேல கெடக்குது கண்ணு. லைட்டைப் புண்ணுக்குக் காட்டினோமே தவிர, அந்த லைட்டுல புண்ணை யாருமே பார்க்கலே. இப்போ தினமும் பார்க்கறேன்" என்றார் பெரியப்பா.