கர்ப்பகாலச் சர்க்கரையை நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் கருவி

கர்ப்பிணியின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அவர் உடலில் சுரக்கும் இன்சுலின் போகாது. கர்ப்பகாலத்தில் நீரிழிவு ஏன் இவ்வளவு கவலைக்குரியது என்பதற்கான விடை இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

தாய்க்குச் சர்க்கரை ஏறும்போதெல்லாம் குழந்தைக்கும் ஏறுகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் குட்டிக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன். அதனால் குழந்தை கொழுப்புச் சேர்ந்து பெரிதாகிறது, பிரசவம் சிரமமாகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலினோ உடனே குறையாது. பிறந்த சில மணி நேரத்திலேயே சில குழந்தைகளுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக நேர்வது இதனால்தான். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் மருத்துவர்களுக்கு அடிப்படைப் பாடம்.

ஆகவே தாயின் சர்க்கரை எத்தனை மணி நேரம் கூடுதலாக இருக்கிறது என்பது முக்கியம். ஆனால் நம்மிடம் இருந்த கருவிகளால் அதைப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை கர்ப்பகாலத்தில் அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. அப்போது சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. ரத்தசோகையும் கணக்கைக் குழப்பும். விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் குத்திய அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி வந்தபிறகுதான் இடைப்பட்ட நேரமும் கண்ணுக்குத் தெரிந்தது. மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக ‘சிஜிஎம்’ என்கிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

மேற்கையின் பின்புறத்தைச் சுத்தம் செய்துவிட்டு, செலுத்தியை வைத்து ஓர் அழுத்து. உள்ளே போகும் ஊசி உடனே வெளியே வந்துவிடும். தோலுக்கடியில் மெல்லிய இழை ஒன்று மட்டும் தங்கும். மேலே சிறு வட்டு ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டும் சென்சார்களில் பெரும்பாலானவை 10 முதல் 14 நாள் வரை வேலை செய்யும்.

அந்த இழையின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸ் அதனுடன் வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. குளுக்கோஸ் எவ்வளவோ, மின்னோட்டமும் அவ்வளவு. கருவி அதை எண்ணாக மாற்றி, நிமிடத்துக்கு ஒருமுறையோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ கைபேசிக்கு அனுப்புகிறது. நொதியை வைத்துக் குளுக்கோஸை மின்னோட்டமாக அளக்கும் யோசனை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க்குடையது. 1962இல் அவர் அதை வெளியிட்டார்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் தெரியும். இன்சுலின் போடும் பெண்ணுக்கு எண்ணைவிட அந்த அம்பு சில சமயம் முக்கியம். திரையில் 100 என்று இருக்கிறது. அம்பு நேர் கீழாகக் காட்டுகிறது. சில கருவிகளில் அதற்கு அர்த்தம், சர்க்கரை நிமிடத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது என்பது. அப்படியே போனால் இருபது நிமிடத்தில் 60க்குக் கீழே போய்விடும். குளுக்கோமீட்டர் அதே 100ஐக் காட்டியிருந்தால் நிம்மதியாகப் படுக்கப் போயிருப்பார்.

ஒரு காலைப் பொழுது

வெறும் வயிற்றில் 88 இருக்கும் ஒரு கர்ப்பிணி எட்டு மணிக்கு நாலு இட்லி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டரைக்கு 130, ஒன்பதுக்கு 165, பிறகு மெல்ல இறங்கிப் பத்து மணிக்கு 116. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. விரலில் குத்திப் பார்த்தவர் தேறிவிட்டார். நடுவில் வந்துபோன 165 யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

வரைபடத்தில் அந்த ஏற்றத்தைக் கண்டவர் மறுநாள் இரண்டு இட்லியோடு நிறுத்தி முட்டையோ சுண்டலோ சேர்த்துப் பார்க்கலாம். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடக்கலாம். இன்சுலின் போடுபவரானால், ஊசியைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னதாகப் போடுவது என்று மருத்துவரிடம் கேட்கலாம். பலன் இருக்கிறதா இல்லையா என்று அன்றே தெரிந்துவிடும்.

நூறு நிமிடத்தின் விலை

கணையம் ஏறக்குறைய இன்சுலினே சுரக்காத நிலை டைப் 1 நீரிழிவு. அது உள்ள கர்ப்பிணிகளுக்கு ரத்தச் சர்க்கரை 63 முதல் 140 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட நேரம் இந்த எல்லைக்குள் கழிய வேண்டும் என்று 2019இல் பன்னாட்டு நிபுணர்கள் வரையறுத்தார்கள். இது சுலபமல்ல. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இன்சுலின் தேவை குறைந்து தாழ்சர்க்கரை அடிக்கடி வரும். பிற்பாதியில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பதால் தேவை இரண்டு, மூன்று மடங்குகூட ஆகும். பிரசவமானதும் சட்டென்று விழும்.

இதில் சிஜிஎம் உண்மையில் உதவுகிறதா? கனடாவின் டெனிஸ் ஃபெய்க், இங்கிலாந்தின் ஹெலன் மர்ஃபி ஆகியோர் முன்னின்று நடத்திய ‘கான்செப்ட்’ ஆய்வு 2017இல் வெளியானது. டைப் 1 நீரிழிவுள்ள 215 கர்ப்பிணிகள் அதில் இருந்தார்கள். சிஜிஎம் அணிந்தவர்கள் 68 சதவீத நேரமும், விரலில் மட்டும் குத்திப் பார்த்தவர்கள் 61 சதவீத நேரமும் எல்லைக்குள் இருந்தார்கள். வித்தியாசம் நாளொன்றுக்குச் சுமார் 100 நிமிடம். அந்த நூறு நிமிடத்தில் நிகழ்ந்த மாற்றம் பெரிது: ஒரு நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருக்க நேர்ந்த குழந்தைகள் 43 சதவீதத்திலிருந்து 27 ஆகவும், பிறந்ததும் சர்க்கரை தாழ்ந்து சிகிச்சை தேவைப்பட்டவை 28இலிருந்து 15 ஆகவும் குறைந்தன. ஆறு தாய்மார்கள் இந்த வட்டை அணிந்தால் ஒரு குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமல் தாயருகிலேயே இருக்கும். இதன்பின் 2020-21 முதல் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை, டைப் 1 நீரிழிவுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இக்கருவியை வழங்கத் தொடங்கியது. சிஜிஎம் காட்டும் அளவைப் பார்த்து இன்சுலின் பம்ப் தானே அளவைக் கூட்டிக் குறைக்கும் முறையும் பிரிட்டனில் டைப் 1 நீரிழிவுள்ள 124 கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டு, 2023இல் நல்ல முடிவைத் தந்தது.

கருவிக்கு எல்லைகளும் உண்டு. அது ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். சென்சார் உள்ள பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாகத் தாழ்சர்க்கரை என்று அலாரம் அடிக்கலாம். முதல் நாள் அளவுகள் சற்று முன்பின் இருக்கும். உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திச் சரிபார்ப்பதே வழி.

எல்லோருக்கும் தேவையா?

நம்மூரில் பெரும்பாலானோருக்கு வருவது கர்ப்பத்தின்போது முதன்முதலாகக் கண்டறியப்படும் நீரிழிவு. உணவு, நடை, தேவைப்பட்டால் மருந்து, குளுக்கோமீட்டர் ஆகியவற்றாலேயே இவர்களில் மிகப் பலர் நன்றாகக் கட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு சிஜிஎம் எவ்வளவு கூடுதல் பலன் தரும் என்பதற்கு டைப் 1இல் உள்ள அளவு வலுவான சான்று இன்னும் சேரவில்லை. இன்சுலின் போட்டும் சர்க்கரை பிடிபடாதவர்களுக்கு ஒரு சென்சாராவது போட்டுப் பார்க்க மருத்துவர் சொல்லலாம். வசதியில்லாதவர்கள் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியும் வேலையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னை மருத்துவர் வீ. சேஷையா, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறையைப் பரப்பினார். 140ஐத் தொட்டால் நீரிழிவு. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

மாசமாக இருப்பது தெரிந்ததும் முதல் பரிசோதனையிலேயே சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் பாருங்கள். டைப் 1 நீரிழிவுள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி சிஜிஎம் அணியத் தொடங்குவது நல்லது. ஏனென்றால் குழந்தையின் உறுப்புகள் உருவாவது முதல் சில வாரங்களில். டைப் 1 நீரிழிவுள்ள கர்ப்பிணிகளின் எண்ணிக்கை குறைவு, கிடைக்கும் பலனோ பெரிது. அரசு மருத்துவமனைக்கு வரும் இப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் பேறுகாலம் முழுவதும் இந்தக் கருவியை இலவசமாகத் தருவது அரசு தாராளமாக ஏற்கக்கூடிய, ஏற்க வேண்டிய செலவு.