ஒரு தோட்டத்துக்கு ஒரே விலாசம்

பார்சலில் ஒட்டிய தாளில் மூன்றே வரி. ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், ஹாலிஎல. கீழே ஒரு போன் நம்பர். புறக்கோட்டைக் கடையில் பொதி கட்டியவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. விடியற்காலையில் பதுளைக் கிளையில் அதைக் கையில் எடுக்கும் கொரியர் பையனுக்குத்தான் தலைவலி. தோட்டத்தில் மூன்று நாலு டிவிஷன் இருக்கும். ஒவ்வொன்றிலும் பல லயங்கள், லயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். அத்தனைக்கும் சேர்த்து விலாசம் ஒன்றுதான். தாளில் இருக்கும் பெயரில் அதே தோட்டத்தில் இன்னும் நாலு பேர் இருக்கக்கூடும். போன் அடித்தாலும் பதில் வராது. போனுக்கு உரியவர் அந்த நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்.

இப்படி நாளுக்கு ஒன்றிரண்டு வந்தால் சமாளிக்கலாம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் அப்படி இருப்பதில்லை. பண்டிகை நாளில் கொரியர் வேலை எந்த ஊரிலும் கடினம்தான். தோட்டங்கள் சூழ்ந்த ஹாலிஎலவில் அந்தக் கடினம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், பார்சல் பிந்தும்போது யாரைக் கோபிப்பது என்பதும் மாறும்.

மூன்று மாதம், நான்கு பெருக்கு

அக்டோபர் பிற்பாதியில் தொடங்கினால் தீபாவளி, நவம்பர் 11, நத்தார், தைப்பொங்கல் என்று ஜனவரி நடு வரை பார்சல் ஓயாது. இவற்றில் நவம்பர் 11 யாருடைய பண்டிகையும் இல்லை. சீனப் பல்கலைக்கழக மாணவர்கள் 1990களில் திருமணமாகாதவர்களின் நாள் என்று விளையாட்டாகக் கொண்டாடத் தொடங்கிய தேதி அது. 2009இல் அலிபாபா நிறுவனம் அதைத் தள்ளுபடி விற்பனை நாளாக்கியது. 2016இல் இலங்கைக்கு வந்த தராஸ் என்னும் இணையக் கடையை 2018இல் அலிபாபா வாங்கிய பிறகு, 11.11 நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 2023இல் தீபாவளி நவம்பர் 12. இரண்டு பெருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் வந்து நின்றன.

தோட்டத்துப் பக்கம் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்யும் பிள்ளைகள் முன்பெல்லாம் தீபாவளிக்கு முந்திய இரவு பஸ்ஸிலோ பதுளை ரயிலிலோ உடுப்புப் பைகளோடு நெரிபட்டு வந்து இறங்குவார்கள். இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால் பைகள் குறைந்துவிட்டன. அம்மாவுக்குச் சேலையும் தம்பிக்குச் சப்பாத்தும் போனில் ஓடர் பண்ணி, தோட்டத்து விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் தோளில் சுமந்து வந்த பாரம் இன்று வேறொரு பிள்ளையின் பைக்கில் ஏறியிருக்கிறது. அந்தப் பிள்ளையும் பல சமயம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான்.

சந்தி வரைக்கும் கவலையில்லை

கொழும்பில் இரவு ஏறும் பொதி இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலைக்கு வந்து, அங்கிருந்து ஏ16 வீதியில் ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டி இறங்குகிறது. ஏ16 முடிகிற இடமே ஹாலிஎலதான். வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியோடு அது இங்கே சேர்கிறது. ரயில் பாதையும் உண்டு. தெமோதரை, உடுவரை தாண்டி ஹாலிஎல நிலையம், அடுத்தது பதுளை, அதோடு பாதை முடிகிறது. 1924இல் அந்தப் பாதை பதுளையைத் தொட்டது. தோட்டத்துத் தேயிலையைக் கீழே இறக்க நூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு செய்திருக்கிறார்கள். அதே தோட்டத்து வீட்டுக்கு ஒரு பொதியை மேலே ஏற்றும் வழிதான் இன்னும் சரியாகவில்லை.

பெருவீதியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியதும் தார் தேய்ந்து கல் தெரிகிறது. சில டிவிஷன்களில் பைக்கை ஸ்டோர் பக்கம் விட்டுவிட்டுப் படியேற வேண்டும். இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு, அதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தங்கள் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்துப் பாதை கம்பனியின் பாதை என்பதே அதன் பொருள். தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், சபை அவர்கள் பாதைக்குக் கல் போட முடியவில்லை. 2018இல்தான் திருத்தம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் தேங்கிய வேலை ஒரு திருத்தத்தோடு தீர்ந்துவிடாது. ரைடரின் பைக் செயினும் டயரும் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

விலாசம் என்னும் கடன்

மலையகத்தில் விலாசப் பிரச்சினை கொரியரோடு வந்ததில்லை. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும். தப்பால்காரர் தபாலகத்திலிருந்து பையைச் சுமந்து வருவார், கிளாக்கர் பிரிப்பார், பிறகு யார் கையிலாவது கொடுத்து அனுப்புவார்கள். நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம் தேர்வு முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கதை இல்லாத தோட்டம் இல்லை. 90060 என்று எழுதினால் பொருள் ஹாலிஎல தபாலகத்துக்குச் சரியாக வந்துவிடும். அதற்கு அப்பால் எந்தக் காம்பரா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்கும் நிலத்துக்கும் குடியிருப்பவர் உரிமையாளராக இல்லாததால், வீட்டுக்கு எண் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு இது மாறத் தொடங்கியிருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். அத்தகைய வீடு ஒவ்வொன்றும் எழும்போது தனி விலாசம் ஒன்றும் பிறக்கிறது. லயத்தில் இருப்பவர்களுக்கு அந்த விலாசத்தை இப்போதைக்கு ரைடரின் தலைதான் தருகிறது. ‘மாரியம்மன் கோயிலுக்குக் கீழ்ப்பக்கத்து லயம், தண்ணிப் பைப்புக்கு எதிர்க் காம்பரா’ என்பதை எந்த வரைபடத்திலும் தேட முடியாது. பெரட்டுக் களம், பிள்ளை மடுவம், பழைய கங்காணி வீடு என்று அடையாளங்களை மனத்தில் அடுக்கி வைத்திருப்பவர் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால், அன்று அந்த ரூட்டே திணறும். பண்டிகைக்கென்று தற்காலிகமாக எடுக்கும் புதுப் பையன்கள் தோட்டத்துக்குள் போனால் ஒரு பொதிக்கு மூன்று லயம் ஏறி இறங்குவார்கள்.

இந்த அறிவுக்குச் சம்பளத் தாளில் இடமில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ரைடர்களில் பலருக்கு, கொடுத்து முடித்த பொதிக் கணக்கில்தான் கூலி. பதுளை டவுனில் ஒரே தெருவில் பத்துப் பொதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் ஒரு டிவிஷனில் அதே ஒரு மணி நேரம் இரண்டு பொதிக்குச் சரியாக இருக்கும். பெற்றோல் இரட்டிப்பு, கூலி ஐந்தில் ஒன்று. பொதிக்கு இவ்வளவு என்ற முறை தட்டையான, வீட்டுக்கு எண் உள்ள நகரத்தை நினைத்து உருவானது. அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால், மலையின் செலவு மொத்தமும் ரைடரின் பொக்கட்டிலிருந்து போகிறது. தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் தனிக் கணக்கு வைப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை.

காசு வரும் தேதியும் பொதி வரும் தேதியும்

பொருள் கைக்கு வந்த பிறகே காசு கொடுப்பது நம் மக்களுக்குப் பிடித்த முறை. அதில் நியாயமும் இருக்கிறது. கண்ணால் காணாத கடையை நம்பி முன்பணம் கட்ட யாருக்கு மனம் வரும்? தபாலில் வி.பி.பி. என்று இதே முறை பல தலைமுறையாக இருந்து வந்ததுதான். ஆனால் தோட்டத்தில் காசு தினமும் கையில் இருப்பதில்லை. மாதச் சம்பளம் பத்தாம் தேதியை ஒட்டி வரும். தீபாவளிக்கென்று தோட்டம் கொடுக்கும் முற்பணம் தனியாக வரும், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டப்படும். பொதி எட்டாம் தேதி வந்துவிட்டால், ‘சம்பளம் போட்டதும் எடுக்கிறேன் தம்பி, பத்தாம் தேதி கொண்டு வாங்க’ என்றுதான் பதில் வரும்.

அந்தத் தம்பிக்கு இது இரண்டு பயணம், ஒரு கூலி. இரண்டாம் தடவையும் ஆள் இல்லாவிட்டால் பொதி திரும்பிக் கொழும்புக்கே போகும். அப்போது அந்தக் கூலியும் இல்லை. மாலையில் கிளைக்குத் திரும்பி, வசூலித்த காசை எண்ணி ஒப்படைக்க வேண்டும். கணக்கில் குறைந்தால் பல இடங்களில் அவரே போட வேண்டும். மங்கும் வெளிச்சத்தில், ஆளில்லாத தேயிலைப் பாதையில், பையில் பிறர் காசை வைத்துக்கொண்டு இறங்கும் பயத்தை ஒரு அக்காவோ அண்ணனோ வீட்டிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

மழை வேறு

ஊவாவின் மழைக்காலமும் இதே மாதங்களில்தான். அக்டோபரில் இடை மழை, டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை என்று பதுளைப் பக்கம் வருடத்தின் பெரிய மழையெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே இறங்கும். 2014இல் தீபாவளி அக்டோபர் 22. சரியாக ஒரு வாரத்தில், 29ஆம் தேதி காலை, கொஸ்லந்தையில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடங்களில் மலை சரிந்தது. வீதிகள் துண்டிக்கப்பட்டன, ரயில் பாதையும் தப்பவில்லை. நத்தார்ப் பொதிகள் நகரத் தொடங்கும் நேரம் அது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. சிவப்பு என்றால் குடியிருப்பவர்களே வெளியேற வேண்டும். குடியிருப்பவரை இறங்கச் சொல்லும் மலைக்கு ஒரு பையனைச் சப்பாத்துப் பெட்டியோடு ஏற்றக் கூடாது. செம்மஞ்சள் விழுந்ததும் அந்த ரூட்டை நிறுத்தி, நிறுத்திய நாளுக்கும் கூலி கொடுப்பது கம்பனிகளின் கடமை என்று நான் கருதுகிறேன். கூலி இல்லையென்றால் அவர் மழையிலும் போவார்.

சட்டம் என்ன சொல்கிறது

‘நீ கொன்ட்ராக்ட் ஆள், உனக்கு இபிஎப் கிடையாது’ என்று சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடும் பிள்ளைகள் அதிகம். இபிஎப் பற்றிய 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியரோடு நின்றுவிடவில்லை. தற்காலிகமாக, அமயமாக, துண்டுக் கணக்கில், கொமிஷனில் வேலை செய்பவரும் அதற்குள் வருவார். ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த ரூட்டில் போக வேண்டும், எந்த டீசேட் போட வேண்டும் என்பதையெல்லாம் கம்பனியே சொல்கிறதென்றால், ஒப்பந்தத் தாளில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் தொழில் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். கிளைக்குள் பொதி பிரிப்பவர்களுக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு. பண்டிகை என்பதற்காக அந்தக் கணக்கு மாறாது.

அக்கரையில் தமிழ்நாடு 2023இல் இந்த ரைடர்களைப் போன்ற தொழிலாளர்களுக்கென்றே ஒரு நலவாரியம் அமைத்தது. ராஜஸ்தான் அதே வருடம் தனிச் சட்டமே கொண்டு வந்தது. இங்கே அப்படி ஒன்று வரும் வரை, இருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஓடர் பண்ணுகிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. தோட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் டிவிஷன், லயம், காம்பரா, பக்கத்திலிருக்கும் கோயிலோ கடையோ என்று எழுதலாம். மலைக்குப் போகிறவர் நம்பரைக் கொடுக்காமல், பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியின் நம்பரைக் கொடுக்கலாம். காசைச் சில்லறையாக அவரிடம் வைத்துவிட்டுப் போகலாம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் பத்தாம் தேதி என்றால் அது பண்டிகை முடிந்து இரண்டாம் நாள், மறுநாளே 11.11. முற்பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று இப்போதே ஒபிஸில் கேட்டு வைத்துக்கொண்டு, பொதி அதற்குப் பிறகு வரும்படி ஓடர் பண்ணுங்கள். இரண்டாம் தடவை ஏறி வர, அந்த வாரத்தில் யாருக்கும் நேரம் இருக்காது.