தாகத்தில் வளர்ந்த தைல மரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆஃப்செட் அச்சகம் நடத்துபவர்களுக்கு ‘பிக்கிங்’ என்றால் தெரியும். கருநீலத்தை முழுப் பரப்பில் ஓட்டும்போது அங்கங்கே ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளி விழும். மையின் பசை காகிதத்தின் மேல்தோலைப் பிய்த்துவிடுவதால் வரும் கோளாறு அது. தைல மரக் கூழில் செய்த காகிதமாக இருந்தால், பிய்ந்து வந்தது பெரும்பாலும் அந்த மரத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாயின் ஒரு துண்டாக இருக்கும். நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அகலமும் குட்டையுமான இந்தக் குழாய்த் துண்டுகள் அப்படிப் பற்றுவதில்லை.

தமிழ்நாட்டில் காகித மரம் என்றால் தைல மரமும் சவுக்கும்தான். கரும்புச் சக்கையை முதன்மையாக நம்பி 1979-இல் நிறுவப்பட்ட டி.என்.பி.எல். காகித ஆலை, பள்ளிபாளையத்தின் சேஷசாயி ஆலை இரண்டுக்கும் விவசாயிகளின் நிலத்திலிருந்து மரம் வருகிறது. நான்கைந்து ஆண்டில் வெட்டி, பட்டை உரித்து, டன் கணக்கில் எடை போடுகிறார்கள். எடை மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி.

பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கில்தான் புதுக் கட்டை பிறக்கிறது. அங்கே தோன்றும் செல், உள்ளே தண்ணீர் நிறைந்து அழுத்தினால்தான் விரியும். மண் காய்ந்தால் அந்த அழுத்தம் குறைகிறது. செல் விரியாமலே சுவர் தடித்துவிடுகிறது. குழாய்கள் குறுகி, எண்ணிக்கையில் கூடுகின்றன. அகலக் குழாயில் வறட்சியில் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும் ஆபத்து அதிகம் என்பதால், குறுகிய குழாய் மரத்துக்குப் பாதுகாப்பு. அச்சகத்துக்கும் அது நல்லதுதான்.

ஆலைக்கோ கணக்கு வேறு. தைல மரத்தின் நார் சுமார் 1 மி.மீ. நீளமே. சுவர் தடித்த நார் விறைப்பாக நிற்கும், தட்டையாகி ஒட்டிக்கொள்ளாது. காகிதம் உப்பலாக வரும், இழுத்தால் சீக்கிரம் கிழியும். இப்படி அடர்ந்த மரத்தின் சில்லுக்குள் காஸ்டிக் சோடா கரைசல் ஊறவும் நேரம் பிடிக்கும். சுமார் 160, 170 டிகிரியில் வேகவைத்த பிறகும் நடுவில் வேகாத கட்டை மிஞ்சும். எடை மேடையில் தேறிய மரம் வேகவைக்கும் கலனில் தோற்றுப்போவது இப்படித்தான்.

காற்றும் ஒரு நெருக்கடிதான். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் ஆவடி, பூந்தமல்லி வரை மரங்களைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். புயலில் விழாமல் சாய்ந்து பிழைக்கும் தைல மரம் தன்னை நிமிர்த்த, சாய்வின் மேல்பக்கத்தில் ‘இழுவிசைக் கட்டை’யை வளர்க்கும். அதில் செல்லுலோஸ் அதிகம், லிக்னின் குறைவு. அதனால் கூழ் கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் அந்த நாரில் ஒட்டும் பலம் குறைவு. பூச்சியோ தீயோ காயப்படுத்தினால் மரம் கீனோ என்ற செம்பிசினைச் சுரக்கும். அது கட்டைக்குள் நரம்பாக ஓடி, சோடாவைத் தின்று, கூழைக் கறுக்க வைக்கும். 2001 வாக்கில் தென்னிந்தியாவுக்குள் வந்த முடிச்சுக் குளவி இலை நரம்பிலும் இளந்தண்டிலும் முட்டையிட்டு, கன்றை வளரவே விடாமல் முடக்கியது.

மழையும் இடத்துக்கு இடம் மாறும்: திருவள்ளூர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 1,000 மி.மீ.க்கு மேல், கரூருக்கு 700-க்கும் குறைவு. மழை கூடிய பக்கத்துக்கும் வறட்சி வராமல் இல்லை: 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டது. ஒரே தாய் மரத்தின் கன்றை இந்த இரண்டு மாவட்டத்திலும் நட்டால் ஒரே கூழ் வராது. கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனம் தைல மர ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. கன்று வாங்குபவர்கள் எத்தனை டன் தரும் என்பதோடு, எந்த மண்ணில், எவ்வளவு மழையில் சோதித்தது என்றும் கேட்க வேண்டும்.

மரத்தூளில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கூழ் எவ்வளவு தேறும் என்று மதிப்பிடும் முறை உலகில் புழக்கத்தில் இருக்கிறது. எடைக்கு மட்டும் விலை தராமல் கூழுக்கும் சேர்த்து விலை வைக்க ஆலைகள் முன்வர வேண்டும்.