சர்ச் வாலிபர் டூர்: ஜாலிக்கு பஞ்சமில்லை... தண்ணியில்தான் உஷார் வேணும்!

கோவை:
ஞாயிறு ஆராதனை முடிந்து பெரியவர்கள் வீட்டுக்கு கிளம்பியதும் சர்ச் வளாகத்தில் ஒரு கும்பல் மட்டும் நகராமல் நிற்கும். அதுதான் வாலிபர் ஐக்கியம். கத்தோலிக்க ஆலயங்களில் இளைஞர் இயக்கம் என்பார்கள். ஜெபம், பாட்டு பயிற்சி எல்லாம் முடிந்த பிறகு பேச்சு எங்கே போகும் தெரியுமா? "அடுத்த டூர் எப்போ?"

கோவை, திருப்பூர் பகுதியில் இந்த குரூப்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி, லேத் பட்டறை, ஜவுளிக்கடை வேலைக்கு போகிறவர்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள் லீவு. அவர்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் ஒரே வெளியூர் பயணம் இதுதான் என்றாலும் ஆச்சரியமில்லை. செலவை தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். கையில் காசு இல்லாதவனுக்கு சத்தமில்லாமல் இன்னொருவர் கட்டிவிடுவதும் உண்டு. எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் வீட்டில் இருந்தே வரும்.

ஜவுளிக்கடை ஊழியர் ஆரம்பித்தது

இளைஞர்களை இப்படி ஒன்று சேர்ப்பது இன்று நேற்று வந்ததல்ல. 1844-ல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ.வை தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு ஜவுளிக்கடை ஊழியர். நாள் முழுக்க கடையில் நின்று ஓய்ந்துபோன வாலிபர்களுக்கு வேலை முடிந்தால் போக்கிடம் இல்லை என்பதை பார்த்துத்தான் நண்பர்களை கூட்டினார். நம்ம ஊர் பசங்க சாயங்காலம் வலை கட்டி ஆடும் வாலிபாலும் அமெரிக்காவில் ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில் 1895-ல் பிறந்ததுதான். கூடைப்பந்தும் அப்படியே, 1891-ல்.

எங்கே போகிறார்கள்?

பக்கத்தில் என்றால் கோவை குற்றாலம், ஆழியாறு, கோபி பக்கம் கொடிவேரி. பக்தியோடு சேர்த்து போகிறவர்களுக்கு அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை பேராலயம் இருக்கிறது. 2019-ல் பசிலிக்கா அந்தஸ்து பெற்ற கோவில். தூரமாக என்றால் ஊட்டி. வேனில் முன் சீட்டில் கீர்த்தனை ஓடும், பின் சீட்டில் சினிமா பாட்டு ஓடும். ஆயர் திரும்பிப் பார்த்தால் பின்சீட்டும் கீர்த்தனைக்கு மாறிவிடும்! அங்கே போனால் கயிறு இழுப்பது, மியூசிக்கல் சேர், பைபிள் குவிஸ் என்று களை கட்டும்.

பெண் பிள்ளைகளை அனுப்ப பெற்றோர் யோசிக்கத்தான் செய்வார்கள். "யாரார் வர்றாங்க, கூட பெரியவங்க இருக்காங்களா, எத்தனை மணிக்கு வருவீங்க?" இந்த மூன்று கேள்விக்கும் நேரில் வந்து பதில் சொல்லும் குரூப்புக்கு அனுமதி சீக்கிரம் கிடைக்கும்.

தண்ணீரில் போன உயிர்கள்

டூர் சோகமாக முடிவது பெரும்பாலும் தண்ணீரில்தான். 2022 அக்டோபரில் தூத்துக்குடியில் இருந்து வேளாங்கண்ணிக்கு சுற்றுலா போன குழுவினர் பூண்டி மாதா கோவில் அருகே கொள்ளிடத்தில் இறங்கினார்கள். 6 பேர் திரும்பவில்லை. 2023 பிப்ரவரியில் விளையாட்டு போட்டிக்கு வந்த 4 பள்ளி மாணவிகள் கரூர் மாயனூர் காவிரியில் மூழ்கினர். அதே ஆண்டு அக்டோபரில் வால்பாறை சோலையார் எஸ்டேட் பகுதி ஆற்றில் கோவை கல்லூரி மாணவர்கள் 5 பேர் இறந்தனர்.

மூன்றுமே பழக்கமில்லாத ஆறு. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணி மாதிரி இருக்கும், அடியில் பள்ளம், சுழல். ஒருவன் மூழ்கினால் காப்பாற்ற இன்னொருவன் குதிப்பான், அவனையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. கயிறு, துப்பட்டா, நீளமான கம்பு எதையாவது நீட்டுவதுதான் வழி. மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். கோவை குற்றாலத்தில் வனத்துறை தடை போட்டால் வேறு வழியாக இறங்கப் பார்க்கும் வீராதிவீரர்கள் எல்லா குரூப்பிலும் ஒருத்தர் இருப்பார். அவரை வேனிலேயே உட்கார வைக்கலாம்!

கிளம்பும்போதும், ஒவ்வொரு இடத்தில் ஏறும்போதும் தலையை எண்ணுங்கள். ஊட்டி என்றால் 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை இருக்கிறது, வேன் புக் பண்ணும்போதே அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துப் போனால் செக்போஸ்டில் பிடுங்கிக்கொள்வார்கள். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவில் இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், யானை நடமாடும் ரோடு அது.