‘எதுக்கும் இருக்கட்டும்’ எடை எவ்வளவு தெரியுமா? ஆரணி தறி சொல்லும் பேக்கிங் பாடம்!

ஆரணியில் பட்டு நூல் எடை போடாமல் கைமாறாது. பாவுக்கு எவ்வளவு, ஊடைக்கு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதிக்கொண்டுதான் நெசவாளரிடம் கொடுப்பார்கள். சேலை நெய்து வந்ததும் அதுவும் தராசில் ஏறும். பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி வரும்.

ஆனால் அதே ஊரில் யாராவது டூர் கிளம்பட்டும். பையை யாரும் எடை போட மாட்டார்கள். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு ஜீன்ஸ் ஏறும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஒரு போர்வை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த சட்டை. அம்மா கடைசி நிமிடத்தில் திணிக்கும் முறுக்கு டப்பா. ஜிப் போட ஒருவர் பை மேல் உட்கார வேண்டியிருக்கும்!

பஸ் டிக்கியில் போட்டுவிட்டு மறந்துவிடும் பயணம் என்றால் பரவாயில்லை. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும் பயணம் என்றால்? இப்போது கல்லூரிப் பிள்ளைகள் மட்டுமல்ல, ரிட்டயர் ஆன அப்பாக்களும் பேக்பேக் மாட்டிக்கொண்டு இலங்கை, தாய்லாந்து, மலேசியா, வியட்நாம் என்று கிளம்புகிறார்கள். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கையோடு எடுத்துப்போகும் பைக்கு ஏழு கிலோதான் கணக்கு. அதற்கு மேல் என்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ஏழு கிலோவுக்குள் ஒரு வாரம், ஏன், ஒரு மாதமே சமாளிக்க முடியுமா? முடியும். நாமே வெப்ப நாட்டுக்காரர்கள். வெயில், புழுக்கம், திடீர் மழை மூன்றும் நமக்குப் பழக்கம்தான்.

சுமையை முழங்கால் சொல்லும்

ஆரணியைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பர்வதமலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் உயரம். உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். கீழே படிக்கட்டில் ஏறும்போது கையில் தொங்கும் பை பெரிதாகத் தெரியாது. மேலே செங்குத்தான பாறையில் கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் இடம் வரும். அங்கே இரண்டு கையும் வேண்டும். கையில் பை இருந்தால் ஏறவே முடியாது. முதுகில் பை பெரிதாக இருந்தால் அது ஆடி ஆடி உங்களைப் பின்னால் இழுக்கும்.

இறங்கும்போதுதான் முழங்காலுக்கு உண்மையான சோதனை. ஒவ்வொரு படியிலும் உங்கள் எடையோடு பையின் எடையும் சேர்ந்து மூட்டில் இறங்குகிறது. ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, பல நாள் பயணத்துக்கு அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்கு. தோள்பைக்கு மலையேறுபவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு இதுதான். 60 கிலோ உள்ளவர் ஒரு நாள் நடைக்கு ஆறு கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊரில் இந்தக் கணக்கு புதிதல்ல. சபரிமலைக்கு மாலை போடுபவர்களின் இருமுடியைப் பாருங்கள். முன்முடியில் சாமிக்கு, பின்முடியில் தனக்கு. தனக்கென்று எடுத்த உணவு வழியிலேயே தீர்ந்து, ஏற ஏறச் சுமை குறையும். இலங்கையில் யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போகிறார்கள் பக்தர்கள். கிழக்குக் கரை வழியாகப் பல வாரங்கள் நடை. கடைசியில் குமண, யால காடுகளைக் கடக்க வேண்டும். அத்தனை நாளும் அவர்கள் தோளில் இருப்பது ஒரு சின்ன மூட்டைதான்.

துணியில் தொடங்குங்கள்

பையில் அதிக இடம் அடைப்பது துணி. ஒரு ஜீன்ஸ் அரை கிலோவுக்கு மேல் வரும். நனைந்தால் இன்னும் கனம். மழைக்காலத்தில் ஒரு நாளில் காயாது. வெப்ப நாட்டுப் பயணத்தில் ஜீன்ஸுக்கு இடமில்லை.

எந்தத் துணி நல்லது? நூல்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணக் காற்றில் இருக்கும்போதே 100 கிராம் பட்டு சுமார் 11 கிராம் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பருத்தி எட்டரை கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. அதனால்தான் பாலியஸ்டர் டிஷர்ட் துவைத்தவுடன் உலர்கிறது. பருத்தி உடம்புக்குச் சுகம், ஆனால் மெதுவாகக் காயும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை நாற்றம் பிடித்துக்கொள்ளும். நடக்கும்போது போட உலரும் துணி இரண்டு, இரவில் தூங்க மெல்லிய பருத்தி ஒன்று என்று கலந்து எடுப்பதே புத்திசாலித்தனம்.

மொத்தம் மூன்று செட் போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். மூன்று நாள் பயணத்துக்கும் இதுதான், முப்பது நாள் பயணத்துக்கும் இதுதான். தினமும் குளிக்கும்போதே துவைத்துப் போட்டுவிட வேண்டும். குளிர் நாட்டில் இது நடக்காது. வெயில் நமக்குத் தரும் சலுகை இது.

உள்ளாடையிலும் சாக்ஸிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஈரமானதைப் போட்டுக்கொண்டு நடந்தால் படர்தாமரையும் சேற்றுப்புண்ணும் வரும். நான்கு ஜோடி இருக்கட்டும்.

பையிலும் உண்டு டெனியர்

பேக்பேக் வாங்கக் கடைக்குப் போனால் சீட்டில் 210டி, 420டி, 600டி என்று போட்டிருப்பார்கள். அந்த ‘டி’ வேறொன்றும் இல்லை, டெனியர். ஆரணியில் பட்டு நூல் வாங்குபவர்களுக்குத் தெரிந்த அதே டெனியர்தான். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் அதன் டெனியர். பட்டு நெசவுக்கு வரும் கச்சாப் பட்டின் ஓரிழை 20, 22 டெனியர்தான். ஒன்பது கிலோமீட்டர் நீள இழையின் எடை சுமார் இருபது கிராம்!

பையில் டெனியர் ஏற ஏறத் துணி தடிமனாகும், எடையும் கூடும். ஆனால் எண் பெரிதாக இருப்பதாலேயே உறுதி என்று அர்த்தமில்லை. பாலியஸ்டரைவிட நைலான் உறுதியானது. சில பைகளின் துணியைக் கூர்ந்து பார்த்தால் சின்னச் சின்னக் கட்டம் தெரியும். இடைவெளி விட்டுத் தடித்த இழையை ஓட்டி நெய்திருப்பார்கள். ஓரிடத்தில் கிழிந்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டிக் கிழிசல் ஓடாது. அதன் பெயர் ரிப்ஸ்டாப்.

30 முதல் 35 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டு நம் மனசு சும்மா இருக்காது! பையின் வெற்று எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கட்டும். இடுப்புப் பட்டை கட்டாயம். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றுவது அதுதான். கனமான பொருளை முதுகை ஒட்டி, நடுவில் வையுங்கள்.

பீரோவிலேயே இருக்கிறது

‘டிராவல் டவல்’ என்று விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. நம் ஈரிழைத் துண்டு போதும். டர்க்கி டவல் அரை கிலோ வரும். ஈரிழைத் துண்டு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பிழிந்து உதறினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். தலைக்குக் கட்டலாம், வியர்வை துடைக்கலாம், அவசரத்துக்கு கைக்குத் தூளியாகவும் கட்டலாம்.

அடுத்தது கைலி. இரவு உடை, போர்வை, பஸ்ஸில் ஜன்னல் திரை, குளிக்கப் போகும்போது மறைப்பு என ஒரே துணி நாலு வேலை செய்யும். பெண்களுக்கு இதே வேலையைப் பெரிய பருத்தித் துப்பட்டா செய்யும்.

மூன்றாவது, ஆரணிக்கே உரியது. விடுதிப் படுக்கைகளில் சுத்தம் எப்படி இருக்குமோ என்று பயந்து, வெளிநாட்டுப் பயணிகள் பட்டில் தைத்த உறைபோன்ற படுக்கைவிரிப்பை எடுத்துவருவார்கள். மடித்தால் கைக்குள் அடங்கும். கட்டாமல் கிடக்கும் பழைய பட்டுச்சேலை ஒன்றின் முந்தியையும் ஜரிகைக் கரையையும் நீக்கிவிடுங்கள், கனமெல்லாம் ஜரிகையில்தான். மீதி நாலரை மீட்டரை இரண்டாக மடித்து, இரண்டு பக்க ஓரங்களையும் தைத்தால் படுக்கை உறை தயார். மெலிந்தவர்களுக்குச் சேலை அகலம் போதும். பருமனானவர்கள் இன்னொரு துண்டை ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

67 வயதில் ஒரு துணிப்பை

“இதெல்லாம் இளசுகளுக்கு” என்று நினைப்பவர்களுக்காக ஒரு பாட்டி. அமெரிக்காவின் எம்மா கேட்வுட். பதினொரு பிள்ளைகள் பெற்றவர். 1955-ல், தன் 67-வது வயதில், அப்பலாச்சியன் டிரெயில் என்ற மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல், 146 நாள். கூடாரம் இல்லை, மலையேற்ற பூட்ஸ் இல்லை. காலில் கான்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. தனக்கு எது தேவை என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இதில் மட்டும் கை வைக்காதீர்கள்

எடை குறைக்கிறேன் என்று சிலர் முதலில் கழிப்பது தண்ணீரை. ஒரு லிட்டர் ஒரு கிலோ ஆயிற்றே! மிகப் பெரிய தவறு இது. வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டராவது தேவை. புழுக்கத்தில் இன்னும் கூடும். வழியில் எங்கே நிரப்பலாம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கனத்த ஸ்டீல் பாட்டிலை மாற்றுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு இருக்கட்டும். தீர்ந்துவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. கூட வருபவர் தலைசுற்றி, பேச்சு குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பவாதம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுங்கள். விமானத்தில் போனால் கைப்பையில். கொசு விரட்டும் களிம்பு கட்டாயம், டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். ஒரு டார்ச், ஒரு விசில். பெண்கள் நாப்கினை ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஊர்க் கடைகளில் கிடைக்காமல் போகலாம்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லக்கேஜில் போட விமானத்தில் அனுமதி இல்லை. கைப்பையில் திரவங்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள்.

மழை இருக்கிறதே? பைக்கு மேலே உறை போட்டாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் பேக்பேக்குக்கு உள்ளே விரித்து, அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். திரும்பக் கொண்டுவந்து அடுத்த பயணத்துக்கும் பயன்படுத்துங்கள்.

ஏழு கிலோ கணக்கு

* பை: 1 கிலோ
* துணிமணி, உள்ளாடைகள்: ஒன்றரை கிலோ
* துண்டு, கைலி, படுக்கை உறை: 600 கிராம்
* மழைக்கோட்டு: 300 கிராம்
* மருந்து, சோப்பு, பிரஷ்: 600 கிராம்
* சார்ஜர், பவர் பேங்க், டார்ச்: 500 கிராம்
* ரப்பர் செருப்பு: 400 கிராம்
* ஆவணங்கள், உள் உறை: 200 கிராம்

மொத்தம் 5 கிலோ 100 கிராம். மீதி தண்ணீருக்கும் தீனிக்கும். அம்மாவின் முறுக்குக்கும் இடம் உண்டு, டப்பாவுக்குத்தான் இல்லை!

குடும்பமாகப் போனால் பேஸ்ட், சார்ஜர், மருந்துப் பெட்டி எல்லாம் ஆளுக்கொன்று வேண்டாம்; வீட்டுக்கு ஒன்று போதும். குழந்தைகளிடமும் ஒரு சின்னப் பை கொடுங்கள். அவர்கள் தண்ணீர், தொப்பி, ஒரு செட் துணி. தன் சுமையைத் தானே தூக்கும் பிள்ளை அடுத்த முறை பொம்மையை யோசித்துத்தான் எடுக்கும்.

முதலில் ஒரு ஒத்திகை

பாங்காக் டிக்கெட் போடும் முன் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுங்கள். ஜவ்வாதுமலையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். ஆரணியில் வியர்த்தவர் அங்கே டிசம்பர் இரவில் நடுங்குவார். வெப்ப நாட்டிலும் மலைக்கு ஒரு முழுக்கைத் துணி வேண்டும் என்பது அப்போது புரியும். காட்டுக்குள் நடப்பதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மழை பிடித்தால் ஓடைகளைக் கடக்க அவசரப்படாதீர்கள்.

வீடு திரும்பியதும் பையைத் தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். தினமும் தொட்டது, ஒரு முறை தொட்டது, தொடவே தொடாதது. மருந்தும் டார்ச்சும் விசிலும் தொடாமல் வந்திருந்தால் சந்தோஷம், அடுத்த முறையும் அவை வரட்டும். மற்றபடி தொடாமல் போய்வந்தவை எல்லாம் அந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’ கணக்குதான். அவற்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். எத்தனை கிலோவைச் சும்மா சுமந்திருக்கிறோம் என்று அது சொல்லிவிடும்.